சுகுமார் எண்ணிய இரவுகளும் எங்கள் தம்பலகாமம் வயலும்

2024 நவம்பர் 3: ஒரு வாசகரின் கேள்வி

யானையைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் ராமன் சுகுமார் என்ற ஒரே பெயரைச் சொல்கிறீர்கள். நாற்பது வருடமாக ஒருவர் யானையை ஆராய்ந்தார், சரி. அதனால் எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் கந்தளாயிலோ சேருவிலையிலோ ஒரு ஏக்கர் வேளாண்மை தப்பியதா? பெயர் அவருக்கு, நட்டம் எங்களுக்கு. யாராவது பதில் சொல்லுங்கள்.

2024 நவம்பர் 4

அவரால் ஒரு ஏக்கரும் நேரே தப்பவில்லை. அதை மறுக்கப் போவதில்லை. ஆனால் அவர் செய்த வேலை என்னவென்று இங்கே யாரும் விளக்கமாக எழுதவில்லை. அதனால் நீளமாக எழுதுகிறேன் தம்பி. நான் உயிரியல் படிப்பிக்கிறவன். அப்பா விட்டுப் போன நாலு ஏக்கர் தம்பலகாமத்தில் இருக்கிறது, கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் செய்கிற வயல். இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் தெரிந்துதான் பேசுகிறேன்.

சுகுமார் 1955 இல் சென்னையில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பாட்டி அவரை வனவாசி என்று கூப்பிடுவாராம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மாதவ் காட்கிலிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்து, 1980களின் தொடக்கத்தில் சத்தியமங்கலம், சாமராஜநகர் காடுகளில் வேலை செய்தார். 1985 இல் முனைவர் பட்டம். ஆய்வின் பொருளே யானையும் மனிதரும்தான். யானையை ஆராய வந்தவர் காட்டுக்குள் மட்டும் சுற்றவில்லை. காட்டு விளிம்பில் இருந்த கேழ்வரகு வயலுக்கும் போனார். தின்றது எவ்வளவு, மிதித்தது எவ்வளவு, வந்தது ஆணா பெண்ணா என்று கணக்கு எடுத்தார்.

அந்தக் கணக்கைத்தான் நான் வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறேன். வளர்ந்த ஆண் யானை ஒன்று சராசரியாக வருடத்தில் 49 இரவு பயிருக்குள் இறங்கியது. குடும்பக் கூட்டத்தில் போகிற யானை 8 இரவுதான். ஆண் யானையின் வருடத் தீனியில் 9.3 வீதம் பயிரிலிருந்து வந்தது. குடும்பக் கூட்டங்களுக்கு 1.7 வீதம். காட்டில் அவை தின்ற தாவரங்கள் 112 வகைக்குக் குறையாது. அதில் 25 வகைதான் தீனியில் 85 வீதத்தைக் கொடுத்தது.

இதை முதன்முதலில் வாசித்தபோது நான் எழுந்து முற்றத்தில் நடந்தேன். காட்டில் தீனி இல்லாததால்தான் யானை வயலுக்கு வருகிறது என்று நாங்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். அவருடைய கணக்கில் வயலுக்கு வருகிற ஆண் யானையும் பத்தில் ஒன்பது பங்கைக் காட்டிலேயே தின்கிறது. பயிரில் புரதம் கூட, கல்சியம் கூட, சோடியம் கூட. காட்டுப் புல்லை விட வயல் நல்ல சாப்பாடு, அவ்வளவுதான். காட்டுக்குள் நல்ல தீனியைத் தேடிப் போகிற அதே பழக்கத்தின் நீட்சிதான் வயலுக்கு வருவது என்று அவர் எழுதினார். கந்தளாய்ப் பக்கம் குசினிச் சுவரை இடித்து நெல் மூட்டையையும் உப்புப் பானையையும் தேடுகிற யானையைக் கண்டவர்களுக்கு இதில் புதுமை இருக்காது. அதை எண்களாக்கி நிறுவியதுதான் அவருடைய வேலை.

2024 நவம்பர் 4, இரவு

கேழ்வரகு என்று எழுதிவிட்டேன். அதுதான் எங்கள் குரக்கன். இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

2024 நவம்பர் 9

ஏன் ஆண் யானைக்கு 49, பெண்ணுக்கு 8 என்று சேருவிலையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

1988 இல் சுகுமாரும் காட்கிலும் சேர்ந்து ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். இரண்டு மூன்று பக்கம்தான். வயலுக்குள் வருவது உயிரோடு விளையாடுகிற காரியம். வெடி, துவக்கு, இப்போது கள்ளக் கரண்டுக் கம்பி. பெண் யானைக்குப் பின்னால் குட்டி நிற்கிறது, தங்கை நிற்கிறது, தாய் நிற்கிறது. அது அந்த ஆபத்தை எடுக்காது. ஆண் யானையின் கதை வேறு. உடம்பு பெருத்து, நல்ல நிலையில் மதம் வந்து, மற்ற ஆண்களை ஒதுக்க முடிந்தால்தான் அதற்குச் சந்ததி. சில ஆண்களுக்கு நிறையக் குட்டிகள், பல ஆண்களுக்கு ஒன்றுமே இல்லை. ஆகவே நல்ல சாப்பாட்டுக்காக ஆபத்தை எடுக்கிற குணம் ஆண்களிடம் தங்கிவிடுகிறது. ஆபத்தும் கூட, ஆதாயமும் கூட.

எங்கள் அப்பா இதைப் படித்தவர் இல்லை. ஆனால் பரணில் இருந்துகொண்டு "கூட்டம் வந்தால் சத்தம் போடு, போய்விடும். தனியன் வந்தால் சத்தத்தை நம்பாதே, இறங்காதே" என்பார். நான் பதினான்கு வயதில் இறங்கினேன். தனியன் என்னைத் துரத்தவில்லை. நின்று பார்த்துவிட்டு மறுபடி தின்னத் தொடங்கியது. ஐம்பது அடி தூரம் இருக்கும். நெல்லைப் பிடுங்கி, வேரில் ஒட்டிய மண்ணை முன்காலில் தட்டித் தட்டித் தின்ற சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. அன்றைக்கு எனக்குக் கோபமும் வரவில்லை, பயமும் வரவில்லை. இந்த யானைக்கு நாங்கள் யார் என்று தெரிந்திருக்கிறது என்ற எண்ணம் மட்டும் வந்தது. உயிரியல் படிக்கப் போனதற்கு அந்த இரவுதான் காரணம்.

2024 நவம்பர் 17

மறுப்பு வந்திருக்கிறது, நல்ல மறுப்பு. "நீங்கள் தனியன் தனியன் என்கிறீர்கள். எங்கள் வட்டைக்கு (வயல்வெளிக்கு) போன போகம் ஐந்து, ஆறு என்றுதான் வந்தன. ஒன்றிலும் குட்டி இல்லை. அது எந்தக் கணக்கு?"

நான் மேலே எழுதியதைத் திருத்த வேண்டும். வயலுக்கு வருகிற ஆண் தனியாகத்தான் வரும் என்ற மாதிரி எழுதிவிட்டேன். அது 1980களின் படம். 2019 இல் நிஷாந்த் சீனிவாசையா என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எழுதியவர்களில் சுகுமாரும் ஒருவர். தென்னிந்தியாவில் காடு குறைந்து பயிரும் ஊரும் கூடிய இடங்களில், இளம் ஆண்கள் ஆண்களாகவே சேர்ந்து நீண்ட காலம் ஒன்றாகத் திரிகின்றன என்று காட்டினார்கள். ஆபத்தான இடத்தில் தனியாகப் போவதை விடச் சேர்ந்து போவது அவற்றுக்கு நல்லது. பெரிய ஆணிடமிருந்து சின்ன ஆண் பழகிக்கொள்ளவும் வழி இருக்கிறது.

தன் பழைய படத்தை மாற்றுகிற ஆய்வில் தன் பெயரையும் சேர்த்துக்கொண்ட மனிதர் என்பதற்காகவே அவரை நான் மதிக்கிறேன்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. தென்னிந்தியாவில் ஆண் யானையில் பெரும்பாலானவற்றுக்குக் கொம்பு (தந்தம்) இருக்கும், இருட்டிலும் தெரியும். இலங்கையில் பத்து ஆணில் ஒன்றுக்குக் கூடக் கொம்பு இராது. கொம்பில்லாத ஆணான அலியன்தான் எல்லாம். ஆகவே குட்டி இல்லை என்பதை வைத்து ஆண் என்று முடிவெடுக்கலாகாது. நெற்றியும் தும்பிக்கை அடியும் புடைத்திருக்கிறதா, பின்புறம் சரிந்து வட்டமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பெட்டி மாதிரி நின்றால் பெண். அதற்கு வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் இல்லையென்றால் காலையில் தடம் இருக்கிறது. முன்கால் தடத்தின் சுற்றளவைக் கயிற்றால் அளந்து இரண்டால் பெருக்கினால் ஏறக்குறையத் தோள் உயரம் வரும். எட்டடிக்கு மேலே போனால் அநேகமாக ஆண்.

2024 நவம்பர் 18

தடம் அளக்கிறவர்கள் சேற்றுக்குள் அளக்காதீர்கள். சேற்றில் கால் வழுக்கி விரிந்திருக்கும், யானை பெரிதாகிவிடும். வரம்பிலோ மண் ரோட்டிலோ அளவுங்கள்.

2024 நவம்பர் 18, பின்னேரம்

அளவுங்கள் இல்லை, அளவெடுங்கள். அவசரத்தில் தட்டியது.

2024 டிசம்பர் 1

மழை விடவில்லை, பள்ளிக்கூடமும் இல்லை. கேள்வியில் நாற்பது வருடம் என்று இருந்ததே, அந்த நாற்பது வருடமும் யானை மட்டும்தானா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை.

1988 இல் முதுமலைக் காட்டில் 50 ஹெக்டெயர் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு சென்டிமீற்றர் தடிப்புக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் அடையாளம் போட்டார்கள். இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள். எது செத்தது, எது புதிதாக முளைத்து வந்தது, யானை எதை முறித்தது, தீயில் எது போனது என்று வருடா வருடம் பார்க்கிறார்கள். ஓர் ஆளின் ஆயுளை விட நீளமாகப் போகிற ஆய்வு அது. காட்டைப் படிக்காமல் யானையைப் படிக்க முடியாது என்பதை அவர் வாயால் சொல்லாமல் இப்படிச் செய்துகாட்டினார். நாயுண்ணிச் செடி அங்கே பரவியதையும் இந்த மாதிரி நீண்ட பதிவால்தான் சரியாகச் சொல்ல முடிகிறது. நாயுண்ணி எங்கள் பக்கமும் உண்டு. ஆனால் அது எந்த வருடம் எவ்வளவு பரவியது என்று சொல்ல என்னிடம் ஒரு பதிவும் இல்லை.

அடுத்தது 1993. நீலகிரியின் உயரமான பள்ளங்களில் உக்காமல் படிந்து கிடக்கிற பழைய தாவரச் சேற்றைத் தோண்டி எடுத்து, அதில் உள்ள காபன் சமதானிகளை (காபன் அணுவில் எடை வேறுபட்ட வகைகளை) அளந்து, அங்கே எந்தக் காலத்தில் புல் கூடியது, எந்தக் காலத்தில் மரம் கூடியது என்று ஏறக்குறைய இருபதாயிரம் வருடத்துக்குச் சொன்னார்கள். வரண்ட காலத்தில் புல், மழைக் காலத்தில் சோலை. காலநிலை மாற்றம் பற்றி ஊரெல்லாம் பேசத் தொடங்குமுன் செய்த வேலை. நான் உயர்தர வகுப்பில் ஒளித்தொகுப்பில் C3 (மரங்களின் வழி), C4 (வரண்ட இடப் புற்களின் வழி) வேறுபாட்டைப் படிப்பிக்கும்போது இதைத்தான் உதாரணமாகச் சொல்வேன். பாடப்புத்தகத்தில் வரட்டுப் பட்டியலாக இருப்பதை ஒரு மலை மேல் ஏற்றிக் காட்டினால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

2005 இல் மரபணு. வித்யா என்ற மாணவியோடு சேர்ந்து செய்தது. கூட இருந்தவர் எங்கள் நாட்டு யானை ஆய்வாளர் பிரிதிவிராஜ் பெர்னாண்டோ. யானைச் சாணத்திலிருந்து மரபணு எடுத்து, பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே இருப்பவையும் தெற்கே இருப்பவையும் வேறு வேறு பிரிவுகள் என்று காட்டினார்கள். பெர்னாண்டோவின் பெயரை நினைவில் வையுங்கள், கீழே வருவார்.

கொம்பு பற்றி ஒன்று. 2013 இல் கற்பகம் செல்லையாவும் சுகுமாரும் அசாமின் காசிரங்காக் காட்டில் ஆண் யானைகள் ஒன்றோடொன்று மோதுவதைப் பார்த்து எழுதினார்கள். மதம் பிடித்த ஆண்தான் வெல்கிறது. அதற்குப் பிறகு உடம்பு. கொம்புக்கு அங்கே பெரிய பங்கு இல்லை. எங்கள் அலியன்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது மனதுக்கு நிறைவான செய்தி. கொம்பில்லாத யானையைக் குறைந்த யானை என்று நினைக்கிற பழக்கம் எங்களிடம் உண்டு, கோயில் வாசலிலும் கூட.

பரிசுகளை ஒரு வரியில் முடிக்கிறேன்: 2003 இல் விட்லி தங்க விருது, 2006 இல் ஜப்பானின் கொஸ்மோஸ் பரிசு.

2024 டிசம்பர் 20

இப்போது நான் தடுமாறுகிற இடம்.

ஆண்தான் அதிகம் வருகிறது, ஓர் ஆண் பல பெண்களோடு சேரும், ஆகவே வயலை விடாத சில ஆண்களை அகற்றினால் யானை இனத்தின் பெருக்கத்துக்குப் பெரிய சேதம் இல்லை, ஊருக்கு நிம்மதி என்று ஒரு வாதம் உண்டு. சுகுமார் 1991 இலேயே இந்தத் திசையில் எழுதினார். 2012 இல் கர்நாடக உயர்நீதிமன்றம் கேட்டு அமைத்த யானைப் பணிக்குழுவுக்கு அவர்தான் தலைவர். அந்தக் குழு நிலத்தை மூன்றாகப் பிரித்தது. யானைக்கு முதலிடம் கொடுக்கிற பகுதி, யானையும் ஆளும் சேர்ந்திருக்க வேண்டிய பகுதி, யானையை அகற்ற வேண்டிய பகுதி.

நான் இதை ஆரம்பத்தில் முழு மனதோடு ஏற்றவன். எங்கள் பக்கமும் ஒரு முறை மயக்க ஊசி போட்டு ஒரு அலியனைப் பிடித்து, கால் கட்டி, லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஊரே கூடி நின்றது. நானும் நின்றேன், கை தட்டினேன். அடுத்த போகத்தில் அதே வாய்க்கால் வழியால், இடது காது கிழிந்த ஒரு அலியன் வந்தது. கொண்டுபோனதற்கும் இடது காது கிழிந்திருந்தது. அதுதான் இது என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது.

பிரிதிவிராஜ் பெர்னாண்டோவும் கூட்டாளிகளும் அதே 2012 இல் இதைத்தான் அளந்து காட்டினார்கள். இலங்கையில் இடம் மாற்றிய 12 ஆண் யானைகளுக்குக் கழுத்துப் பட்டி போட்டுத் தொடர்ந்தார்கள். சில பழைய இடத்துக்கே திரும்பின. சில நிற்காமல் அலைந்தன. சில விட்ட இடத்துக்குப் பக்கத்தில் தங்கின, தங்கிய இடத்தில் புதிய ஊருக்குப் புதிய தொல்லை. யானைகளும் செத்தன, ஆட்களும் செத்தார்கள். இடம் மாறியது யானையோடு தொல்லையும்தான்.

ஆகவே சுகுமார் பிழையா? அப்படி நான் நினைக்கவில்லை. காட்டோடு தொடர்பு அறுந்து, கோப்பித் தோட்டத்துக்குள் சிறைப்பட்ட சில யானைகளைப் பற்றி அவர் பேசினார். இலங்கையில் நிலம் வேறு மாதிரி. 2019 இல் பெர்னாண்டோ குழு வெளியிட்ட நாடளாவிய கணக்குப்படி இந்தத் தீவில் ஏறக்குறைய 60 வீத நிலத்தில் யானை இருக்கிறது. அந்த நிலத்தில் 70 வீதத்தில் ஆட்களும் குடியிருக்கிறார்கள். எங்கே கொண்டுபோய் விடுவது? விடுகிற இடமும் யாரோ ஒருவருடைய வட்டைதான்.

கை தட்டியதை நினைத்தால் இப்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

2024 டிசம்பர் 21

நேற்று எழுதியதைக் காலையில் வாசித்தேன். ஒன்றை விட்டுவிட்டேன். அகற்றலாம் என்ற வாதத்துக்கு சுகுமாரே எழுதிய எதிர்ச் சாட்சி இருக்கிறது. கேரளத்துப் பெரியாறுக் காட்டில் கொம்புக்காக ஆண்களை வேட்டையாடி, ஒரு காலத்தில் நூறு பெண்ணுக்கு ஓர் ஆண் என்ற அளவுக்குப் போனது. ஆண் குறைந்தாலும் இனம் பெருகும் என்பதற்கு எல்லை உண்டு, அந்த எல்லையைத் தாண்டினால் குட்டியே அருகிவிடும். எங்கள் நாட்டில் 2019 இல் மட்டும் 400க்கும் மேற்பட்ட யானைகள் செத்தன, 120க்கும் மேற்பட்ட மனிதர்கள் செத்தார்கள். துவக்கு, மின்சாரம், தீனிக்குள் ஒளித்து வைக்கிற வாய்வெடி. வயலுக்கு வருவது பெரும்பாலும் ஆண் என்றால் போகிற உயிரிலும் ஆண்தான் கூட இருக்கும். ஒரு கட்டுப்பாடும் இல்லாத அகற்றல் இங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது.

2025 ஜனவரி 12

மின்வேலி பற்றி ஏழெட்டுப் பேர் கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். காட்டின் எல்லை என்று வரைபடத்தில் கோடு இருக்கிற இடத்தில் வேலி போட்டால் யானை இரண்டு பக்கமும் நிற்கும். பெர்னாண்டோ சொல்வது, வேலியை ஊரைச் சுற்றியும் வயலைச் சுற்றியும் போடுங்கள், ஊர்க்காரரே பார்த்துக்கொள்ளட்டும் என்று. வயல் வேலியை விதைக்கும்போது போட்டு, வெட்டியதும் கழற்றிவிட வேண்டும். வெட்டிய வயலில் யானை மேய்ந்தால் யாருக்கும் நட்டம் இல்லை.

எங்கள் வட்டைக்குப் பக்கத்தில் ஒரு வேலி வந்தது. யார் போட்டார்கள் என்பது இங்கே தேவையில்லை. ஒரு வருடம் நன்றாக இருந்தது. அடுத்த மாரியில் கொடி ஏறிக் கரண்டு மண்ணில் இறங்கிவிட்டது. பற்றரி போனது, கேட்கப் போனால் ஒருவர் மற்றவரைக் கை காட்டினார். அலியன் ஒரு காய்ந்த மரத்தைத் தள்ளி வேலி மேல் விழுத்தி அதன் மேல் நடந்து போனது. இந்த வருடம் நாங்கள் பதினொரு பேர் சேர்ந்து, ஆளுக்கு இரண்டாயிரம் ரூபாய் போட்டு, எங்கள் வயல்களைச் சுற்றி மட்டும் இரண்டு கம்பி இழுத்திருக்கிறோம். சனிக்கிழமை தோறும் கொடி வெட்டுகிறோம். பயிர் குடலையில், கதிர் இன்னும் வெளியே தள்ளாமல் நிற்கிறது. இனித்தான் தெரியும்.

2025 ஜனவரி 13

வீட்டுக் கரண்டை நேரே கம்பியில் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது. யானையும் சாகும், விடியக்காலை வரம்பில் வருகிற அயலவரும் சாவார். மின்வேலிக் கருவி கொடுப்பது விட்டு விட்டு ஒரு நொடியின் சிறு பங்குக்கு வருகிற அடி. அதற்குத்தான் தனிக் கருவி. இதைப் பற்றி இங்கே இனி யாரும் கேட்க வேண்டாம்.

2025 பெப்ரவரி 8

கேள்வி கேட்ட தம்பி திரும்பி வந்திருக்கிறார். "எல்லாம் சரி, இந்தியாக்காரர் கணக்கை வைத்து எங்கள் வயலைப் பேசலாமா? எங்கள் ஆட்கள் யாரும் இல்லையா?"

இருந்தார்கள். பேராதனையில் விலங்கியல் பேராசிரியராக இருந்த சார்ல்ஸ் சந்தியாப்பிள்ளை சுமாத்திராவில் யானைகளுக்காக வேலை செய்துவிட்டு வந்தவர். ஆசிய யானை முழுவதுக்குமான பாதுகாப்புச் செயற்றிட்டத்தை 1990 இல் பீட்டர் ஜாக்சனோடு சேர்ந்து எழுதியவர். இலங்கையில் ஆள்–யானை மோதல் பற்றிய அவருடைய கட்டுரைகளில் கூட எழுதியவர்களில் வவுனியாவில் படிப்பித்த விஜயமோகனும் ஒருவர். அதற்கும் முன்னால் 1960களின் கடைசியில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்து ஆட்கள் வந்து இங்கே யானையைப் படித்துவிட்டுப் போனார்கள். சுகுமார் இவர்களுக்குப் பிறகு வந்து, இவர்களோடு சேர்ந்தும் வேலை செய்தவர். 1997 முதல் 2004 வரை ஆசிய யானை நிபுணர் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார்.

முதல் பாதிக் கேள்வி நியாயமானது. அவருடைய 49 எங்களுடைய 49 இல்லை. அவருடைய வயலில் குரக்கன் முற்றுகிற ஒக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் தொல்லை உச்சம். எங்களுக்குக் காலபோகம் கதிர் தள்ளுகிற இந்த மாதங்கள். ஆகவே எண்ணை எடுக்காதீர்கள், எண்ணுகிற வேலையை எடுங்கள். நான் இந்தப் போகத்தில் ஒரு கொப்பி போட்டிருக்கிறேன். திகதி, நேரம், எத்தனை, வந்த வழி, போன வழி, தடச் சுற்றளவு, தின்ற வரம்பு. பக்கத்து வயல்காரர் இரண்டு பேரும் எழுதுகிறார்கள். மூன்று கொப்பி. முள்ளிப்பொத்தானை, மூதூர், சேருவிலை ஆட்கள் யாராவது எழுதினால் ஒரே இரவில் எது எங்கே நின்றது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

2025 பெப்ரவரி 9

மூதூரிலிருந்து ஒருவர் எழுதத் தொடங்கியிருக்கிறார். தடத்தை முழக் கணக்கில் அனுப்பியிருக்கிறார். அடி, அங்குலத்தில் அனுப்புங்கள் அண்ணை, உங்கள் முழமும் என் முழமும் ஒன்றில்லை.

2025 மார்ச் 2

கொப்பியில் நேற்றைய பக்கம் அப்படியே: இரவு 1.40. ஒன்று. வாய்க்கால் பக்கத்தால் வந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் ஏறக்குறைய பத்து நிமிடம் நின்றது. தும்பிக்கையை நீட்டவில்லை. ரோச் அடிக்கவில்லை, வெடி போடவில்லை. கந்தளாய்ப் பக்கமாகத் திரும்பிப் போனது. காலையில் ரோட்டில் தடம், முன்கால் சுற்றளவு 4 அடி 2 அங்குலம். தின்றது இல்லை. இடது காது தெரியவில்லை, இருட்டு.

வெட்டு மெசின் வியாழக்கிழமை வருகிறது.